நின்ற எஞ்சினில் ஊறிய பித்தளை

படகு எஞ்சின் பழுதுபார்ப்பதில் சோதனையாருக்கு நிகர் அந்தத் துறையில் எவரும் இல்லை என்பதை அவருடைய மைத்துனரே ஒப்புக்கொள்வார். அவரிடம் வேலையைக் கொடுத்துவிட்டு அவசரப்படுபவன், ஆமைக்குப் பின்னால் நின்று ஹாரன் அடிப்பவன் என்று சொல்பவரும் அதே மைத்துனர்தாம். எஞ்சின் இருமினால்கூடச் சோதனையார் உடனே தொடமாட்டார்; பன்னிரண்டு சோதனைகளை வரிசையாக எழுதி வைத்த நோட்டைத்தான் முதலில் விரிப்பார். வரிசையைத் தாண்டுவது அவருக்குச் சட்டைக்கு மேல் பனியன் போடுவதற்குச் சமம்.

மனைவியின் அண்ணனான இந்த மைத்துனர், அக்கரைக்கு ஆள் ஏற்றும் படகுக்காரர். மூன்று மாதங்களுக்கு முன் தம் கையாலேயே படகுக்கு மரக்கூரை அமைத்து, மூன்று முறை நீல வண்ணம் பூசி, நான்காம் முறை பூச நினைத்து மனைவியிடம் ஏச்சு வாங்கியவர். எஞ்சினை இனி வெளியே எடுக்க வேண்டுமென்றால் அந்தக் கூரையை அறுத்தாக வேண்டும் என்பது அன்று யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு திங்கட்கிழமை, வழக்கமான எண்ணெய்ச் சோதனை. சோதனையார் எஞ்சினைச் சற்று ஓட்டிச் சூடாக்கி, மெல்லிய குழாயால் எண்ணெயை உறிஞ்சிக் கண்ணாடிக் குப்பியில் எடுத்தார். குப்பி தூய்மையாக இருக்க வேண்டும் என்பது முதல் விதி. ஆகவே, மனைவியிடம் சொல்லாமல் அடுக்களையிலிருந்து கொண்டுவந்த பித்தளைக் கம்பி நாரால் அதன் உட்புறத்தை நன்றாகத் தேய்த்திருந்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தால், எண்ணெய்க்குள் மஞ்சள் துகள்கள் மினுங்கின. காந்தத்தைக் காட்டினார், துகள்கள் திரும்பியும் பார்க்கவில்லை. இரும்பானால் ஒட்டும். ஒட்டாத மஞ்சள் என்றால், சுழல்தண்டைத் தாங்கும் பேரிங் தேய்கிறது என்று பொருள்.

செவ்வாயன்று குப்பியைக் கால்மணி நேரம் தேய்த்து, மறுபடி எண்ணெய் எடுத்தார். துகள்கள் இரட்டித்தன. புதனன்று அரைமணி நேரம் தேய்த்தார். எண்ணெய் நகைக்கடை வாசல்போல் ஜொலித்தது.

"மாப்ளே, திங்கக்கிழமைக்கு அப்புறம் எஞ்சினை நான் தொடவே இல்ல. நிக்கிற எஞ்சின் எப்படித் தேயும்?" என்றார் மைத்துனர்.

"உள்காய்ச்சல் வெளிய தெரியாது மச்சான். இப்படியே ஓட்டினா நடு ஆத்துல பேரிங் இறுகிப் பிடிச்சிரும். ஏத்தின ஆளுங்களோட கடலுக்குப் போய்ச் சேருவீங்க."

எண்ணெய் வடிகட்டியைப் பிரித்துப் பார்த்தால் என்ன என்று மைத்துனர் கெஞ்சினார். தேய்ந்த உலோகமெல்லாம் அதன் மடிப்புகளில்தானே தங்கும்? சோதனையாரும் மறுக்கவில்லை. ஆனால் நோட்டின்படி அது ஒன்பதாவது சோதனை. எஞ்சினை வெளியே எடுப்பது எட்டாவது.

வியாழன் காலையில் மைத்துனர் ரம்பத்தை எடுத்தார். வேறொருவர் கை அந்தக் கூரையில் படக்கூடாது என்று தாமே அறுக்கத் தொடங்கினார். பெற்ற பிள்ளைக்கு ஊசி போடும்போது பார்க்கமாட்டாத தகப்பனைப்போல் முகத்தை அக்கரைப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதனால் வெட்டு கோணலாகவே போயிற்று. ஒரு முழம் போயிருக்கும். சோதனையாரின் மனைவி படகுத்துறைக்கு வந்துசேர்ந்தாள். கூரையைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. கருவிப்பெட்டியில் கையை விட்டுத் தன் கம்பி நாரை மீட்டாள்.

"என்னங்க, இது போன வாரம் வாங்கினது. பாதியா இளைச்சுக் கெடக்கு. மீதி எங்க போச்சு?"

ரம்பம் நின்றது. மைத்துனர் நாரைப் பார்த்தார். பிறகு குப்பியைப் பார்த்தார்.

"மாப்ளே, அந்த ஒன்பதாவதை இப்பவே பாத்துருவோம்."

எட்டு முடியாமல் ஒன்பதுக்குப் போகும் வழக்கம் தமக்கில்லை என்று சோதனையார் இழுத்தார்.

"எட்டை நான் பாத்துக்கறேன். நீங்க ஒன்பதுக்கு வாங்க," என்றாள் மனைவி.

வடிகட்டியை அறுக்க மைத்துனர் ரம்பத்தை நீட்டினார். ரம்பத்தால் அறுத்தால் பொடி உதிர்ந்து சோதனையைக் கெடுத்துவிடும் என்று சோதனையார் பெருமிதத்தோடு மறுத்தார்.

"இது மட்டும் தெரியுதா?" என்றாள் அவள்.

தகரம் வெட்டும் கத்தரியால் வடிகட்டி பிரிக்கப்பட்டது. மடிப்புகளில் ஒரு மினுக்குக்கூட இல்லை. அன்று பிற்பகலே படகு அக்கரைக்கு ஆள் ஏற்றிச் சென்றது.

கூரையின் வெட்டைத் தார் பூசி அடைக்கும் பொறுப்பைச் சோதனையாரே ஏற்றார். அதற்கென்று புதிதாகப் பதினான்கு படிகள் எழுதி, ஒன்றையும் தாண்டாமல் செய்தார். ஆயினும் மழை பெய்தால் அந்த இடத்தில் சொட்டும். அதற்கு நேர் கீழேயுள்ள இருக்கையில் மைத்துனர் வேறு யாரையும் உட்கார விடுவதில்லை. வீட்டு மாப்பிள்ளைக்கு உரிய மரியாதை என்று சொல்லி, மழை நாள்களில் ஆளனுப்பிச் சோதனையாரை அழைத்துவரச் செய்கிறார்.