சுப்புராயன் வீட்டில் மட்டும் அணையும் கம்ப்யூட்டர்

திருவொற்றியூர் கடலோரக் குப்பத்தில் சுப்புராயன் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்ததற்கு அறிவு தாகம்தான் காரணம் என்று யாராவது நினைத்தால், ஐயோ பாவம், அவர்களுக்குச் சுப்புராயனைத் தெரியாது. காரணம் அவருடைய காது. விசைப்படகில் இன்ஜின் டிரைவராகக் காலம் தள்ளிய மனிதர். டீசல் இன்ஜின் பக்கத்திலேயே சாப்பிட்டு, பக்கத்திலேயே தூங்கி, காதை அதற்கே தாரை வார்த்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். கையில் போனைக் கொடுத்தால், "ஆங்? இன்னா? ஆங்?" என்று அவர் கத்துவதுதான் இரண்டு முனையிலும் கேட்கும்.

மகன் வெற்றி பஹ்ரைனில் ஏ.சி. மெக்கானிக். அப்பனும் மகனும் பேச்சை நிறுத்தி வருஷக்கணக்காகிவிட்டது. அந்தப் பாவத்தைக் காதின் மேல் போட முடியாது. அது வாய் செய்த வேலை. படகில் ஏற மாட்டேன் என்று பையன் சொன்னதற்கு, மீன் ஏலம் நடக்கிற இடத்தில், மொத்தக் குப்பமும் கூடி நிற்கும்போது, "கடலுக்குப் பயந்தவன் எனுக்குப் பொறக்கல" என்று சுப்புராயன் முழங்கினார். அப்பேர்ப்பட்ட வசனத்தை வீட்டுக்குள் பேசி வீணாக்க முடியுமா, என்ன? பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன வெற்றி, அதன்பிறகு அம்மா பவுனம்மாளிடம் மட்டும்தான் போனில் பேசினான்.

கடைசியில் இறங்கி வந்தவனும் மகன்தான். ஊரிலிருந்த சிநேகிதனிடம் சொல்லி ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வீட்டில் வைக்கச் சொன்னான். பெரிய திரை, அதன் தலையில் ஒரு கேமரா, அம்மன் கோயில் கூழ் ஊற்றும் விழாவுக்கே போதுமான இரண்டு ஸ்பீக்கர்கள். பஹ்ரைனில் வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆகவே வெள்ளிதோறும் சாயங்காலம் அப்பனும் மகனும் முகம் பார்த்துப் பேசலாம் என்று ஏற்பாடு.

பெட்டி வந்து இறங்கியதும் சுப்புராயன் முதல் வேலையாக அதற்குச் சட்டை போட்டார். கடலுக்குப் போகிற படகில் வயர்லெஸ் பெட்டியோ வேறெந்தக் கருவியோ எதுவானாலும், உப்புக்காற்று அரிக்காமலிருக்க பாலிதீன் உறையைச் சுற்றிக் கட்டுவார்கள். அதே கைவண்ணம்தான். மேஜைக்கு அடியில் இருந்த சி.பி.யு. பெட்டியைத் தடிமனான பாலிதீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, வலை பின்னும் நைலான் நூலால் இறுக்கிக் கட்டி, ஒயர் போக மட்டும் ஓட்டை விட்டார். உப்புக்காற்று உள்ளே போகாது. எந்தக் காற்றும் போகாது. குப்பத்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, "டிரைவர் கை டிரைவர் கைதான்பா" என்று மெச்சிவிட்டுப் போனார்கள்.

முதல் வெள்ளிக்கிழமை திரையில் மகன் முகம் தெரிந்ததும் சுப்புராயன் நாற்காலியைத் திரைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"துன்னியா?" என்றார்.

"துன்னேன். நீ துன்னியா நைனா?"

"துன்னேன். அங்க வெயிலா?"

சோறு, வெயில், மழை எல்லாவற்றையும் விசாரித்து முடிந்ததும், வெற்றி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நைனா, அன்னிக்கு ஏலத்துல நீ சொன்னது..." என்று ஆரம்பித்தான். பட்டென்று கம்ப்யூட்டர் அணைந்தது.

அடுத்த வெள்ளியும் அப்படியே. அதற்கடுத்த வெள்ளியும். சோறு, வெயில் வரைக்கும் ஒழுங்காக ஓடும் இயந்திரம், விஷயத்துக்கு வந்தவுடன் கண்ணை மூடிக்கொள்ளும். வெற்றி அம்மாவுக்குப் போன் போட்டுப் பொருமினான்: "அவுரு வேணும்னே கட் பண்றாரும்மா. எனுக்குத் தெரியாதா அவர?"

"மிஷின்டா, மிஷின் கோளாறு!" என்று பவுனம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். யார் நம்புவார்கள்? சுப்புராயனின் சரித்திரம் அப்படி.

காலடிப்பேட்டையில் கடலலை கேரம் மன்றம் என்று ஒன்று உண்டு. ஏதோ ஒரு கம்பெனி தன் பழைய கம்ப்யூட்டர்கள் இரண்டைத் தானமாகத் தள்ளிவிட்டதிலிருந்து அது 'கேரம் மற்றும் கணினி மன்றம்' ஆகிவிட்டது. ஞாயிறுதோறும் பொதுமக்களுக்கு இலவச ஆலோசனை. தலைவர் பிரகாஷ், செல்போன் உறை விற்பவர். தொழில்நுட்ப ஆலோசகர் பக்ருதீன், டி.வி. மெக்கானிக். டி.வி.க்கு உள்ளே பலகை இருக்கிறது, கம்ப்யூட்டருக்கு உள்ளேயும் பலகை இருக்கிறது, வேறென்ன தகுதி வேண்டும்?

சுப்புராயன் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டி மன்றத்துக்குக் கொண்டுபோனார்.

"இன்னா கட்டு அண்ணாத்த! பார்சல் ஆபீஸ்ல கூட இப்டிக் கட்ட மாட்டான்" என்று பிரகாஷ் வியந்தார். வழியில் அடிபடாமலிருக்கக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்றே மன்றம் முடிவு செய்தது. உறையை அவிழ்த்து, மன்றத்துத் திரையில் மாட்டி ஓடவிட்டார்கள். காலையில் தொடங்கிய கேரம் ஆட்டம் முடிந்து, எல்லாரும் பிரியாணிக்கு எழுந்து போகும்வரை அது பாட்டாகப் பாடித் தீர்த்தது.

"சோக்கா ஓடுது. ஆனா ஃபேன் கொஞ்சம் கொர்ருன்னுது" என்றார் பிரகாஷ். அதற்கு மன்றத்தில் கைவசம் மருந்து இருந்தது. கேரம் பலகையில் தூவுகிற போரிக் பவுடரை ஒரு கை அள்ளி ஃபேனுக்குள் தூவினார். "காயின் எப்டி வழுக்கிகினு போவுது? அத்தே மாதிரி ஃபேனும் சுத்தும்." சுவிட்சைப் போட்டதும் அறை முழுக்க வெள்ளைப் புகை. தும்மலுக்கு நடுவே எல்லாரும் கை தட்டினார்கள்.

சுப்புராயன் பெட்டிக்குப் பழையபடி பாலிதீன் சுற்றி, நூல் கட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்து, அப்படியே மேஜைக்கு அடியில் வைத்தார். வெள்ளிக்கிழமை அணைந்தது.

மறுபடி மன்றம். மறுபடி அங்கே ஓடியது. பக்ருதீன் மோவாயைத் தடவிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "மாமு, மிஷின் மேல தப்பே இல்ல. உன் வூட்டு கரண்டுதான் கலீஜ்." வீட்டுக்கு ஸ்டெபிலைசர் வந்தது. அணைந்தது. மேஜையின் திசை மாற்றப்பட்டது. அணைந்தது. திரையின் ஓரத்தில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் தொங்கின. திருஷ்டி கழிந்திருக்கும், கழியாமல் என்ன? கம்ப்யூட்டர் அணைந்தது.

வெற்றிக்குப் பொறுமை போய்விட்டது. "வர்ற வெள்ளிக்கெயமதான் கடசிம்மா. அப்பவும் கட் பண்ணாருன்னா, இனிமே உனுக்கு மட்டும்தான் போன். அவராண்ட பேச மாட்டேன்."

பவுனம்மாள் இதைப் புருஷன் காதில் கத்திச் சொன்னாள். மனிதர் சோற்றில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அவன் மூஞ்ச பாக்காமயே பூடுவேனா பவுனு?" என்றார். வீறாப்பெல்லாம் எங்கே போனதோ! அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளி வந்தது. நிலைமையின் தீவிரத்தை உணர்ந்த மன்றம் தன் நிபுணர் குழுவை, அதாவது பிரகாஷையும் பக்ருதீனையும், நேரில் அனுப்பிவைத்தது. குழு இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, டீ குடித்து, கேமராவில் தங்கள் முகம் நன்றாக விழும்படி சுப்புராயனுக்குப் பின்னால் நின்றுகொண்டது. மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தால் சட்டை கசங்கிவிடும் அல்லவா?

"துன்னியா?" என்றார் சுப்புராயன்.

"துன்னேன்." வெற்றியின் முகம் இறுகியிருந்தது. நீ துன்னியா என்று அவன் திருப்பிக் கேட்கவில்லை.

சுப்புராயன் பதற்றத்தில் காலை நீட்டினார். முழங்கால் பெட்டியில் பட்டது. சுளீரென்று சுட்டது. இயந்திரம் கத்துவது அவர் காதுக்கு எட்டாது. ஆனால் சூட்டை அறிய அவருக்குக் காது எதற்கு? கையை வைத்துப் பார்த்தார். கொதித்தது.

"அடப் பாவி! சூடேறிகீதுடா!" என்று அலறிக்கொண்டு மேஜைக்கு அடியில் பாய்ந்தார்.

"கை வெக்காத அண்ணாத்த! அத்து டெக்னிக்கலு!" என்று பிரகாஷ் தடுத்தார்.

இன்ஜினுக்குக் குளிர்தண்ணீர் ஓடுகிறதா என்று ஆயுள் முழுக்கத் தடவித் தடவிப் பார்த்த மகானுபாவர், மகன் வாங்கிக் கொடுத்த பெட்டியைத் தன் கையாலேயே மூச்சு முட்டக் கட்டிவைத்திருக்கிறார்! "அறிவு கெட்டவனே, அறிவு கெட்டவனே" என்று தன்னையே திட்டிக்கொண்டு மீன் வெட்டும் கத்தியால் நூலை அறுத்தார். பாலிதீனைக் கிழித்து எறிந்தார். பெட்டியின் சூடு குறையவில்லை. அடுப்படியிலிருந்து முறத்தை எடுத்துவரச் சொல்லி, மண்டி போட்டு, மூச்சு வாங்க விசிற ஆரம்பித்தார். கேரம் பவுடர் குபுகுபுவென்று கிளம்பி அவர் தலையெல்லாம் வெள்ளை.

திரையில் வெற்றிக்குத் தெரிந்தது காலி நாற்காலியும், அதன் பின்னால் இரண்டு இஸ்திரிச் சட்டைகளும்தான். "பாத்தியாம்மா? கட் பண்றத வுட்டாரு, இப்போ எந்துச்சே பூட்டாரு. உடும்மா. நா வெக்கறேன்."

"வெக்காதடா!" பவுனம்மாள் கேமராவைப் பிடுங்கிக் கீழே திருப்பினாள். "உன் நைனா இன்னா பண்ணிகினு கீறாருன்னு நீயே பாரு!"

வெற்றி பார்த்தான். கீழேயிருந்து சுப்புராயன் கத்தினார்.

"டேய் வெற்றி! பேசுடா! இந்த தபா கட் ஆவாது, நா வுட மாட்டேன். அன்னிக்கு ஏலத்துல நா சொன்னது தப்புடா. ஊரே பாக்கச் சொன்னேன், ஊரே கேக்கச் சொல்றேன், தப்பு. நீ பேசு, நா விசுறிகினு கீறேன்."

ஸ்பீக்கரில் மூக்கை உறிஞ்சும் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. பிரகாஷும் பக்ருதீனும் கூரையை ஆராய்ச்சி செய்தார்கள்.

"நைனா, முறத்த கீய வெச்சிட்டு மேல வா. உன் மூஞ்ச பாக்கணும்."

"வந்தா அணைஞ்சுடும்டா!"

"அணைஞ்சா அணையட்டும். நா திரும்பக் கூப்புடறேன்."

சுப்புராயன் நம்பாமல் மனைவியைப் பார்த்தார். "இன்னா சொல்றான்?"

"அணைஞ்சா அவனே திரும்பக் கூப்புடுவானாம்யா!" என்று பவுனம்மாள் அழுதுகொண்டே கத்தி, கேமராவை நாற்காலிப் பக்கம் திருப்பினாள்.

அவர் முறத்தைத் தரையில் வைத்துவிட்டு, மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.