ஓசையில்லாமல் சாப்பிட்ட கடிகாரக்காரர்

மகள் வெளியூர் வேலைக்குக் கிளம்பிய செவ்வாய்க்கிழமை மதியமே கடிகாரக்காரர் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. அப்பா வேளாவேளைக்குச் சாப்பிடுவாரா என்பதுதான் அவளுடைய ஒரே கவலை. தெருமுனை ஜப்பானியச் சாப்பாட்டுக் கடைச் சமையல்காரம்மாவிடம் அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள்.

அங்கே அவர் ராமென் நூடுல்ஸை, கைக்கடிகாரத்துக்குள் பல்சக்கரம் பொருத்துகிறவர்போல, இழை இழையாக ஓசையில்லாமல் தின்றார். சமையல்காரம்மாவுக்கு முகம் தொங்கிப்போனது.

"ஏன் சார், வாயில வைக்க முடியலையா?"

"ஐயோ, அமிர்தமா இருக்கும்மா!"

"அப்போ நல்லா உறிஞ்சிச் சாப்பிடுங்க. இந்தச் சாப்பாட்டுக்குச் சத்தம்தான் பாராட்டு. நீங்க என்னடான்னா துக்க வீட்டுல உக்காந்த மாதிரி சாப்பிடுறீங்க!"

ஏழு மாதம் கழித்து மகளுக்குச் சமையல்காரம்மாவிடமிருந்து செய்தி வந்தது: "அப்பா ரெண்டு வேளையும் தவறாம வர்றாரும்மா. அவர் உறிஞ்சுற சத்தத்துல பக்கத்து மேசைக்காரங்க எந்திரிச்சு ஓடுறாங்க. நீயாச்சும் கொஞ்சம் கண்டிச்சு வை."