கடைச் சாவி

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் சந்தைக்குச் சந்தை கடையைப் பூட்டிவிட்டு, கைலி, போர்வை மூட்டையோடு வெள்ளிமலைக்கு ஜீப் ஏறிவிடுவார். மறுநாள் மத்தியானம் கள்ளக்குறிச்சிக்குத் திரும்புவார். அதுவரை எனக்குள் நடப்பதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். போனவர் திரும்பப்போவதில்லை என்று மனசு அடித்துச் சொல்லும். கண்ணால் பார்த்த சாட்சி மாதிரி சொல்லும்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. ஒரு தடவை அவர் மேலே போயிருந்தபோது சாலையெங்கும் மரத்தை வெட்டிப் போட்டுவிட்டார்கள். பஸ் நின்றது, கடைவீதி அடைத்துக் கிடந்தது. மத்தியானம் அவர் வரவில்லை. மரம்தான் காரணம் என்று ஊரே சொன்னது. ஊர் சொன்னால் ஆயிற்றா? அவருக்கு வேண்டியவர்கள்தானே ஊர் முழுக்க. மாமியார் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது வேறு எனக்குப் பிடிக்கவில்லை. மகன் எங்கே என்று தெரியாத தாய் அப்படிச் சாப்பிடுவாளா?

துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு அந்த மரத்தைப் பார்க்கவே கிளம்பிவிட்டேன். மலைக்குப் போகும் கச்சிராயபாளையம் சாலையில் ஊரைத் தாண்டியதும் ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. பக்கத்தில் நாலைந்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“எங்கங்க போறீங்க? வண்டி எதுவும் போவாது” என்றார் ஒருவர்.

“எங்கயும் போவல. மரத்தப் பாக்க வந்தேன்.”

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எப்போது வெட்டியது என்று தெரிந்துகொள்ள நான் இலையைக் கிள்ளிப் பார்த்தேன்.

“ஆளு தாண்டலாமா இத?”

“ஆளு தாண்டலாங்க. ஜீப்புதான் தாண்டாது.”

அது போதும் எனக்கு. நடந்து வர அவருக்குக் கால் இருக்கிறது, மனசுதான் இல்லை. வீட்டுக்கு வந்து அவர் சட்டைகளை வாரித் தெருவில் போட்டேன்.

மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்துக்கு அவர் வந்து நின்றார். மலையிலிருந்து நடந்தே இறங்கியிருக்கிறார். அப்புறம் வயல் வழியே கொஞ்சம் மாட்டுவண்டி, மிச்சமும் நடை. பாதமெல்லாம் கொப்புளம். “எவ வூட்ல இருந்துட்டு வர்ற?” என்றுதான் கேட்டேன். கேட்ட வாயை மூடுவதற்குள் அவர் காலைக் கட்டிக்கொண்டு, “வுட்டுட்டுப் போவாதீங்க” என்று அழுதேன். இரண்டும் நான்தான், இரண்டும் நிஜம். அழும்போதே, இது செருப்பு கடித்த கொப்புளமாக இருக்குமோ என்றும் ஓடியது.

“ஜின்னு புடிச்சிருக்கு” என்றார் மாமியார். தர்காவுக்குக் கூட்டிப் போய் மந்திரித்துக் கழுத்தில் தாயத்து கட்டினார்கள். எனக்கு ஜின்மேல் நம்பிக்கை உண்டு. தாயத்துக்குள் எனக்கெதிராக என்ன எழுதி வைத்தார்களோ என்பதுதான் கவலை. வீட்டுக்காரர் வேறு வைத்தியம் பண்ணினார். அடுத்த சந்தைக்குக் கிளம்பும்போது கடைச் சாவியை என் கையில் வைத்தார்.

“இத நீ வெச்சுக்கினு இரு. சாவி இல்லாத யாவாரி எங்க போவான்? இங்கதான வரணும்.”

அன்றிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. சாவியை முந்தானையில் முடிந்துகொண்டால் மூச்சு கொஞ்சம் சீராகும். கொஞ்சம்தான். இன்னொரு சாவி செய்து வைத்திருந்தால்?

பிள்ளைகள் வளர்ந்த பிறகு, ஒரு கோபத்தில் என்னையே காயப்படுத்திக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அங்கே ஒரு மனநல டாக்டர்தான் இதற்குப் பேர் சொன்னார். எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு. நம்மை விட்டுவிடுவார்களோ என்ற பயம் இதில் ஆளையே ஆட்டிவைக்கும், தொடர்ந்து வந்து பேசினால் தணியும் என்றார். இவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று அவரையும் சந்தேகப்பட்டேன். ஆனாலும் பல வருஷம் போய்வந்தேன். சந்தேகம் இன்றும் வருகிறது. வந்ததும் அதன் பேச்சைக் கேட்டுச் சட்டையை வாரிப் போடுவதில்லை, அவ்வளவுதான். இப்போது தெருவில் எந்த மருமகளையாவது ஜின் பிடித்தவள் என்று கிசுகிசுத்தால், அந்த வீட்டுக்கே போய் என் கதையைச் சொல்லி டாக்டரிடம் கூட்டிப் போகச் சொல்கிறேன். சிலர் என்னைக் கண்டதும் கதவைச் சாத்துகிறார்கள். மறுபடியும் போகிறேன்.

போன மாசம் கடையை மகனிடம் ஒப்படைத்தோம். சாவியைக் கொடுத்த கையோடு, இத்தனை காலம் அடக்கி வைத்ததை அவரிடம் கேட்டுவிட்டேன்.

“உண்மையச் சொல்லுங்க. இன்னொரு சாவி இருந்துச்சா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இருந்துச்சு. மொத வாரமே செஞ்சுட்டேன்.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அப்போதே நினைத்தேன்.

“அதப் பையில வெச்சுக்கினுதான், ஒவ்வொரு வாட்டியும் வூட்டுக்கு வந்தேன்” என்றார்.