டிராமில் விட்டுப்போன பூட்ஸ்

இன்று மாலை பாடாங் திடலில் கால்பந்து ஆட்டம் பார்த்து முடிந்து டிராமில் ஏறினேன்.

எதிரே சவரி, வெறுங்காலோடு ஆடும் அணிக்காரன். வலது பாதத்தைத் துண்டால் சுற்றியிருந்தான், துண்டு சிவந்திருந்தது. பக்கத்தில் அவனைத் தாங்கியபடி எதிரணிக் காசிம், ஆட்டத்தில் அந்தக் காலை மிதித்தவன். பூட்ஸைக் கழற்றி மடியில் வைத்திருந்தான். இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "எங்க காலத்துல ஒரு டீம் வெறுங்காலோட வந்தா, மத்த டீமும் பூட்ஸ கழட்டிட்டுத்தான் எறங்கும், தம்பி" என்றேன்.

காசிம் தலைகுனிந்தான். சவரிதான் பதில் சொன்னான்.

"இவன் கழட்டுறேன்னுதான் சொன்னாண்ணே. நான்தான் வேணாம்னேன். பாவம் பாத்து எங்கூட ஆடாதே லா, முழுசா ஆடுன்னேன்."

அன்று நாங்கள் மரியாதை என்று செய்ததை, இன்றைய ஆட்டக்காரன் இரக்கம் என்கிறான்.

காலைப் பார்த்தபடி சவரி மெதுவாகக் கேட்டான். "கால் வெரல எடுத்துருவாங்களாண்ணே? அடுத்த வாரம் ஆட்டம் இருக்கே."

காசிம் பூட்ஸை இருக்கையில் வைத்துவிட்டு, துண்டை இன்னும் இறுக்கிக் கட்டினான்.

ஆஸ்பத்திரி வந்ததும் காசிம் அவனை முதுகில் சுமந்துகொண்டு, வெறுங்காலோடு இறங்கினான். பூட்ஸ் இருக்கையிலேயே கிடந்தது.

எடுத்துவந்து என் மேசைக்கடியில் வைத்திருக்கிறேன். கேட்டு வருவான் என்றா நினைக்கிறீர்கள்?