ஒரே துணியில் இரண்டு சட்டை

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் கோயில் கொடைதான். கழுகுமலையில் தேர் ஓடி முடிந்ததும் சுற்றுக் கிராமங்களில் ஒவ்வொன்றாகப் பந்தல்கால் நட ஆரம்பிப்பார்கள். உளுந்தும் பாசிப்பயறும் எடுத்து முடிந்த கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். யாருக்கும் காட்டு வேலை இருக்காது. அதனால் வைகாசி முடிகிறவரை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எங்கேயாவது ஒரு அம்மனுக்குப் பொங்கல், எங்கேயாவது ஒரு சாலையில் மாட்டுவண்டிப் பந்தயம். மற்றவர்களுக்குக் கொண்டாட்டம். எனக்குச் சனிக்கிழமை சாயங்காலமே சோறு இறங்காது.

நான் புதியம்புத்தூர்க்காரி. அப்பா வீட்டில் இரண்டு தையல் மெஷின் ஓடியது, மாடு கிடையாது. கல்யாணமாகி வந்த வீட்டில்தான் பந்தயக் காளைகளைப் பக்கத்தில் பார்த்தேன். என் கணவர் வண்டி ஓட்டுகிறவர். அவருடைய தம்பி, என் கொழுந்தன், மாட்டோடு கூடவே ஓடி முடுக்கிவிட்டு, வேகம் பிடித்ததும் பின்னால் தாவி ஏறுகிறவன். இருவருக்கும் ஒரே உயரம், ஒரே தோள். பின்னாலிருந்து பார்த்து நானே ஏமாந்திருக்கிறேன்.

இருபது வருஷத்தில் ஒரு பந்தயத்துக்கும் நான் போனதில்லை. மாடு ஏற்றிப் போன வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கிறவரை வீட்டுக்குள் நடந்துகொண்டிருப்பேன். போனில் நேரலை வந்தபிறகு அது இன்னும் மோசமாகிவிட்டது. பார்க்கவும் முடியாது, பார்க்காமலும் இருக்க முடியாது. கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆனதும் அவன் மனைவி, என் ஓரகத்தி, எனக்குத் துணை வந்தாள். எனக்குப் பதினைந்து வயது இளையவள். ஒரே வீடு, ஒரே அடுப்படி. என்னை அக்கா என்றும் என் கணவரை அத்தான் என்றும் கூப்பிடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டேதான் பந்தயம் பார்ப்பாள்.

போன சித்திரையில் எட்டயபுரம் பக்கம் ஒரு ஊரில் கொடை. அதற்கு முந்தின வாரம் அவள் கிளிப்பச்சைத் துணி ஒன்றைக் கொண்டுவந்து என் தையல் மெஷின்மேல் போட்டாள்.

"அக்கா, ரெண்டு பேருக்கும் ஒண்ணுபோல தச்சுருங்க. லைவ்ல பாக்க அடையாளமா இருக்கும்."

தைத்துக் கொடுத்தேன். விடியுமுன்னே இருவரும் அதைப் போட்டுக்கொண்டுதான் கிளம்பினார்கள்.

ஏழு மணிக்குப் பந்தயம் ஆரம்பித்தது. போனை மெஷின்மேல் நூல்கண்டுப் பெட்டியில் சாய்த்து வைத்திருந்தோம். படம் எடுக்கிறவர் பைக்கில் வண்டிகளுக்கு முன்னாலேயே போவார். கூட ஒருவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே வருவார். எங்கள் காளைகள் மயிலையும் செவலையும் மூன்றாவதாகப் போயின. எல்லையில் கொடியை வாங்கிக்கொண்டு திரும்பும்போது இரண்டாவது.

"அக்கா, முன்ன போறவியளப் பிடிச்சிருவாவ போல!"

அப்போது கத்திக்கொண்டிருந்தவரின் குரல் மாறியது. "ஏய், ஏய், ஏய்" என்று மட்டும் கேட்டது. படத்தில் வானம் தெரிந்தது, பிறகு தார்ச்சாலை, பிறகு புழுதி. ஒரு வண்டி ஓரத்துப் பள்ளத்தில் கவிழ்ந்து, மேலே கிடந்த சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. செவலை எழுந்திருக்க முடியாமல் காலை உதைத்தது. கொஞ்சம் தள்ளி, சாலையோரத்தில், பச்சைச் சட்டை ஒன்று குப்புறக் கிடந்தது. ஆள் அசையவில்லை. அதோடு படம் நின்றுவிட்டது.

ஒரே ஒரு பச்சைச் சட்டை. இரண்டு பேரில் ஒருவர்.

அந்த நொடியில் என் மனசு என்ன சொன்னது என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அது இவராக இருக்கக்கூடாது, இன்னொருத்தராக இருக்கட்டும் என்று சொன்னது. இன்னொருத்தர் என்றால் வேறு யாரும் இல்லை. ஐந்து மணிக்கு அடுப்படியில் நின்றபடியே என் கையால் நாலு இட்லி வாங்கித் தின்றுவிட்டு, "மதினி, சட்னி நல்லாருக்கு" என்று சொல்லிப் போனவன். அவன் மனைவியின் உதடு அசைந்துகொண்டிருந்தது. சத்தம் வரவில்லை. அவள் சாமியிடம் என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. என் முழங்கையிலிருந்து அவள் கை எப்போது போனதென்று தெரியவில்லை.

இருவருடைய போனுக்கும் மாறி மாறி அடித்தோம். ரிங் போனது, எடுக்க ஆளில்லை. போன்களை மாட்டு வேனில் வைத்துவிட்டுத்தான் வண்டி ஏறுவார்கள் என்று தெரிந்தும் அடித்தோம். பிறகு நான் ஸ்கூட்டரை எடுத்தேன். அவள் பின்னால் ஏறினாள்.

எட்டயபுரம் சாலையில் அந்த நேரத்திலேயே வெயில் முகத்தில் அறைந்தது. வேகமாகப் போகச் சொல்லுவாள் என்று நினைத்தேன். அவள் என் காதருகே, "அக்கா, மெதுவாப் போங்க" என்றாள். நான் ஏற்கெனவே மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். போய்ச் சேருவதற்கு எனக்கும் பயம்தான்.

பாதி வழியில் எதிரே ஆம்புலன்ஸ் ஊளையிட்டுக்கொண்டு வந்தது. எங்களைக் கடந்து கோவில்பட்டிப் பக்கம் போனது.

"யாருன்னு தெரிஞ்சுதாக்கா?"

"கண்ணாடியில ஒண்ணும் தெரியலட்டி."

வண்டியைத் திருப்பினேன். இரண்டு தடவை சாலையை விட்டு மண்ணில் இறங்கி ஏறியது. அவள் கத்தவில்லை. முதுகில் அவளுடைய மூச்சு மட்டும் சூடாகப் பட்டுக்கொண்டிருந்தது. வீடு வாசல் ஒன்றும் கண்ணில் படவில்லை. அந்தச் சத்தம் போன திசை மட்டும்தான் தெரிந்தது.

நாங்கள் கோவில்பட்டிப் பெரியாஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது ஸ்ட்ரெச்சரை உள்ளே கொண்டு போய்விட்டார்கள். சுவர் ஓரமாக ஒருவர் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். பச்சைச் சட்டை. ஒரு கை கிழிந்து தொங்கியது, முதுகெல்லாம் மண். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி இருந்தது. இருவருமே கூப்பிடவில்லை. அவள் புருஷனை அவள் 'ஏங்க' என்றுதான் கூப்பிடுவாள், நானும் அப்படித்தான். வாயைத் திறக்க இருவருக்கும் தைரியமில்லை.

அவராகவே திரும்பினார். என் கணவர்.

"அப்பாடா" என்று சொல்லிவிட்டேன். மனசுக்குள் இல்லை, வாய்விட்டு, சத்தமாக. பக்கத்தில் நின்ற அவளுக்கு அது கேட்டது. அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரைத் தாண்டி உள்ளே ஓடினாள்.

"தொடை முறிஞ்சிட்டு. நெஞ்சுலயும் அடி" என்று என் கணவர் அழுதார். "குறுக்க ஒரு பைக்கு வந்துட்டு. நான் மேட்டுல போய் விழுந்தேன், அவன் கல்லுல விழுந்துட்டான். முழிச்சிருக்கான். பேசுதான்."

அன்று மத்தியானமே திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். அந்த இரண்டு நாளும் நான் பட்ட பயம் முந்தின இருபது வருஷப் பயத்துக்கும் மேல். அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் கேட்டதுதான் நடந்ததாகும். கதவு திறந்து நர்ஸ் வெளியே வரும்போதெல்லாம் எழுந்து நின்றேன். ஓரகத்தி எனக்கு எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் வாங்கிக் கொடுத்த காப்பியைக் குடித்தாள், என் பக்கம் வந்து உட்காரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அவனுக்கு ஆபத்து நீங்கிவிட்டது என்று சொன்னார்கள். அதன்பிறகு அவள் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு அப்பாடான்னு சொன்னீயல்லாக்கா?"

இல்லை என்று சொல்ல முடியுமா? "ஆமாட்டி" என்றேன்.

"நானும் சொல்லியிருப்பேன். எனக்குச் சொல்லக் கெடைக்கல." சேலை முந்தியைச் சுருட்டிக்கொண்டே பேசினாள். "வழி நெடுக அத்தானா இருக்கட்டும்னுதான் நெனச்சுக்கிட்டு வந்தேன். ஒங்க முதுகுலதான் சாஞ்சு கெடந்தேன், அப்படியும் அதத்தான் நெனச்சேன்."

தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அவள் வாயால் கேட்டது வேறாக இருந்தது.

"ஒங்களப் பாத்தாப் பயமா இருக்குக்கா" என்றாள். "என்னைய நெனச்சாலும்தான்."

நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

கொழுந்தன் வைகாசியில் வீட்டுக்கு வந்தான். ஆறு மாதம் கட்டிலும் வாக்கருமாகக் கிடந்தான். இப்போது நடக்கிறான், மாடி ஏறும்போது மட்டும் அந்தக் காலை இழுக்கிறான். இனி ஓட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். செவலைக்கு முட்டியில் பட்ட காயம் ஆறிப்போனது. அந்த வருஷம் என் கணவர் எந்தப் பந்தயத்துக்கும் போகவில்லை. இனிமேலும் போகமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன்.

இந்தப் பங்குனியில் பஸ் நிறுத்தத்துச் சுவரில் மறுபடியும் கொடை நோட்டீஸ்கள் ஏறின. ஒரு வாரம் அவர் அவற்றைப் பார்க்காதவர்போல நடந்தார். பிறகு ஒரு நாள் கழுகுமலைப் பக்கத்து ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒல்லியான, கால் நீண்ட ஆள். எங்களிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் தொழுவத்துக்குப் போனார். மாட்டோடு ஓட ஆள் கிடைத்துவிட்டது என்று புரிந்தது.

ஓரகத்தி உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அத்தான், அந்த அண்ணாச்சிக்குக் கல்யாணம் ஆயிட்டா?"

"ஆயிட்டு. ரெண்டு வருசம் ஆகுது. எதுக்குக் கேக்க?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"பொஞ்சாதியையும் கொடைக்குக் கூட்டிட்டு வாரேன்னிருக்கான்" என்றார் அவர். "நம்ம வீட்டுலதான் தங்குவாவ. மாடியில எடம் ஒதுக்கிக் குடுங்க."

சரி என்றேன். அந்தப் பெண்ணை இன்னும் நான் பார்க்கவில்லை. அவள் வந்து, போன் முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்து, என்னை அக்கா என்று கூப்பிடப்போவதை நினைத்தால் பயமாக இருக்கிறது.