பாட்டில்லாமல் தூக்கிய தண்டவாளம்

கண்டி மஹய்யாவையில் பிறந்த நான் முப்பது வயது வரை கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் தெற்கே கரையோரமாகப் புது ரயில் பாதை போடுகிறார்கள், தண்டவாளம் தூக்கிப் பழகிய ஆட்கள் வேண்டும் என்று கண்டிக்குச் செய்தி வந்தபோது முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். கொடுத்ததோடு சும்மா இருந்திருக்கலாம். தெல்தோட்டைக்கு பஸ் ஏறிப் போய், தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த தங்கச்சி புருஷனையும் கிளப்பினேன்.

தங்கச்சிக்கு விருப்பமே இல்லை. வடக்கில் யுத்தம், தெற்கில் அரசாங்கத்துக்கு எதிரான கிளர்ச்சி. "காலம் கெட்டுக் கெடக்குண்ணே, இவரு எதுக்கு?" என்றாள்.

"நான் இருக்கேன்ல" என்றேன். அவ்வளவு சுலபமாக அதைச் சொன்ன வாயை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது.

எங்கள் கூட்டத்தில் இருபது பேர். எல்லோரும் கண்டிப் பக்கத்துத் தமிழர்கள். மாப்பிள்ளை புது ஆள் என்பதால் கடைசியில் நிற்பார். நான் பாட்டுக்காரன். தண்டவாளத்தை இடுக்கியால் பிடித்து இருபது பேரும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும், ஒரே நேரத்தில் போட வேண்டும். நான் ஒரு அடி பாடுவேன், மற்றவர்கள் "ஐலசா" என்பார்கள். கடைசி ஆளின் குரலும் காதில் விழுந்த பிறகுதான் "போடு" என்பேன். பாட்டில் எதையும் சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் சிங்கள ஓவசியரின் தொப்பையை வைத்தே ஒரு வாரம் ஓட்டினேன். அவருக்குத் தமிழ் தெரியாது. தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டு நிற்பார். நல்ல மனிதர்.

மூன்றாவது மாதம் மதில்களில் கிளர்ச்சிக்காரர்களின் போஸ்டர்கள் வந்தன. அரசாங்க வேலைக்குப் போகிறவன் துரோகி என்று எழுதியிருந்தது. அடுத்த வாரம், பக்கத்துக் கடைத்தெருவில் தமிழர் ஒருவர் நடத்திய சாப்பாட்டுக் கடை எரிந்தது. நாங்கள் தினமும் தேநீர் குடித்த கடை. ஓவசியர் கவலையோடு வந்து, இரண்டு நாள் வேலையை நிறுத்திப் பார்ப்போமா என்று கேட்டார். நான்தான் பெரிய மூளைக்காரன் மாதிரி வேறு யோசனை சொன்னேன். தமிழ்ப் பாட்டு கேட்டால்தானே நாங்கள் யாரென்று ரோட்டில் போகிறவனுக்குத் தெரியும்? பாட்டை விட்டுவிட்டு விசில் ஊதலாம். ஒன்று ஊதினால் தூக்கு, இரண்டு ஊதினால் போடு.

மாப்பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. "மச்சான், பாட்டு இல்லாட்டி பின்னால நிக்கிறவனுக்கு ஒன்னும் வெளங்காது" என்றார்.

"வாய மூடிக்கிட்டுத் தூக்குங்க. உசுரோட வீட்டுக்குப் போகலாம்" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டேன். எனக்குப் பயம். பயந்த நேரத்தில் நான் அப்படித்தான், பக்கத்தில் இருப்பவன் மேல் எரிந்து விழுவேன்.

இரண்டு நாள் தப்பித்தோம். மூன்றாம் நாள் கடற்காற்று பலமாக இருந்தது. இரண்டு விசில் ஊதினேன். முன்னால் நின்றவர்கள் போட்டுவிட்டார்கள். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. பதில் குரல் எதுவும் இல்லாததால் அது எனக்கும் தெரியவில்லை. தண்டவாளத்தின் பின்முனை துள்ளி, மாப்பிள்ளையின் இடது காலில் விழுந்தது.

லொறியில் போட்டுக் கொண்டுபோனோம். பிறகு கண்டிக்கு மாற்றினார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதே வாரம், வேலைக்கு வருகிறவர்கள் சாவார்கள் என்று கடிதம் வந்ததால் ஓவசியர் போய்விட்டார், ஆட்களும் கலைந்துவிட்டார்கள். எந்த ரயிலும் ஓடாத அந்தப் பாதை மணலில் அப்படியே கிடந்தது.

ஆஸ்பத்திரியில் தங்கச்சி என்னிடம், "எப்படிண்ணே ஆச்சு?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலில் கிடந்தவர், "கால் வழுக்கிருச்சு" என்றார்.

"ஆமா, ஈர மண்ணு" என்றேன் நான்.

அவர்களை மஹய்யாவையில் எங்கள் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு அறை பார்த்துக் குடிவைத்தேன். தங்கச்சி கட்டுகஸ்தோட்டையில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனாள். ஞாயிறு தவறாமல் நான் போய் மாப்பிள்ளைக்கு எதிரில் கதிரையைப் போட்டு உட்காருவேன். மழை, மரக்கறி விலை, தேர்தல் என்று எல்லாம் பேசுவோம். பேச்சு தீர்ந்ததும் அவர் என் முகத்தைப் பார்த்து, "வேற என்ன மச்சான்?" என்பார். நான் எழுந்து வந்துவிடுவேன். தப்பு என்னுடையது என்பதை அடுத்த வாரம் சொல்லலாம் என்றே பதினொரு வருடம் போயிற்று. அவமானம்தான் காரணம், வேறொன்றுமில்லை.

காய்ச்சலில் விழுந்த மாப்பிள்ளை ஒரு வாரத்தில் போய்விட்டார். எட்டாம் நாள் காரியம் முடிந்து வந்தவர்களெல்லாம் போன பிறகு, தங்கச்சியிடம் விசில் கதை முழுவதையும் சொல்லி அழுதேன். அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும்ண்ணே. நீங்க ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குப் போனதும் சொல்லிட்டாரு. கோவமா எல்லாம் சொல்லல. 'மச்சானே வாயத் தொறந்து சொல்லட்டும், நீ கேக்காத'ன்னாரு."

கழுவிய சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"ஞாயித்துக்கெழம காலையிலயே நல்ல சட்டையா எடுத்துக் குடுக்கச் சொல்லி மாத்திக்குவாரு. 'இன்னைக்குச் சொல்லிருவாரு பாரு'ம்பாரு. நீங்க எந்திரிச்சுப் போன பொறகு, நாந்தான் அந்தச் சட்டையக் கழட்டி மடிச்சு வைப்பேன்."