ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடிய வண்டி

பக்கத்து வீட்டு ஸ்டீபனும் நானும் ஒரே மாதத்தில் பாறசாலையில் பழைய பைக் வாங்கினோம். அவனுடையது ஒரே உதையில் கிளம்பும். என்னுடையது நிறுத்திய இடத்தில் பெட்ரோல் சொட்டும். உதைத்து உதைத்தே என் கால் வீங்கும். அவன் வண்டிச் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போது மட்டும் என் வண்டியும் ஒரே உதையில் கிளம்பும். ஜெபத்தின் பலன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு பொறாமை தாங்காமல், ஸ்டீபன் வண்டியின் டயர் காற்றைப் பிடுங்கிவிட, கடைசிப் பாட்டின்போது கோயிலுக்கு வெளியே வந்தேன். அவன் என் வண்டியருகே குனிந்திருந்தான்.

“எலே, எனக்க வண்டியில என்னலே செய்யுற?” என்று சட்டையைப் பிடித்தேன்.

“மக்கா, உனக்க கார்புரேட்டர்ல பெட்ரோல தடுக்குற ஊசி தேஞ்சு போச்சு. நிறுத்தும்போ பெட்ரோல் டேப்ப அடைக்காட்டி நிறைஞ்சு ஒழுகும். அதாக்கும் ஸ்டார்ட் ஆவாதது. எல்லா ஞாயிறும் நான் அடைச்சு வச்சு, கடைசிப் பாட்டுக்குத் திறந்து விடுவேன்.”

“எங்கிட்ட சொல்லப்பிடாதா?”

“வண்டிப் பேச்செடுத்தாலே உனக்கு முகம் மாறுது. பின்ன எப்பிடிச் சொல்ல? அது போகட்டு, நீ எதுக்கு வெளிய வந்த?”

“பெட்ரோல் மணத்துச்சு” என்றேன்.

ஊசியை மாற்றிவிட்டேன். வண்டி இப்போது எல்லா நாளும் ஓடுகிறது. அவன் கேட்டதற்கு உண்மையான பதிலை மட்டும் இன்னும் சொல்லவில்லை.